கியூப்ஸ் ஓஎஸ்: டிஸ்போசபிள் டெம்பிளேட்டை அமைக்கும் முறை

காணி உறுதியின் பிரதி, விண்ணப்பப் படிவம், கனடாவிலிருந்து வரும் ஸ்கேன் என்று மின்னஞ்சலில் சேரும் கோப்புகளைத் திறக்காமல் யாழ்ப்பாணத்தில் எந்த அலுவலகமும் இயங்க முடியாது. முன்பின் அறியாதவர் அனுப்பியதைத் திறப்பதற்கு, ஒரே கணினியைக் ‘கியூப்’ எனப்படும் தனித்தனி மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து இயக்கும் இயங்குதளமான கியூப்ஸ் ஓஎஸ் தரும் வழி டிஸ்போசபிள் (பயன்படுத்தியபின் எறிந்துவிடும்) கியூப் ஆகும். அந்தக் கோப்புக்காகவே ஒரு மெய்நிகர் கணினி தொடங்கப்பட்டு, கோப்பைத் திறந்த செயலியை மூடியவுடன், அதற்குள் நடந்த எல்லா மாற்றங்களோடும் நீக்கப்படுகிறது.

இந்த டிஸ்போசபிளுக்கு அடியில் இரண்டு அடுக்குகள் இருப்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. டெபியன் அல்லது ஃபெடோரா என்னும் லினக்ஸ் வகையில் அமைந்த அடிப்படை டெம்பிளேட்டிலிருந்து (மற்றக் கியூப்களுக்கு வார்ப்பாக அமையும் கியூப்) மென்பொருள்களும், டிஸ்போசபிள் டெம்பிளேட் எனப்படும் கியூப்பிலிருந்து, பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் கோப்புறையும் அதற்கு வந்து சேர்கின்றன. நம்மிடையே இன்றும் புழங்கும் பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள்: அது நிறுவப்படாத கணினியில் பாமினியில் தட்டச்சிட்ட வேர்ட் ஆவணம் வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தெரியும். டிஸ்போசபிளுக்குள் எழுத்துருவை நிறுவினால், மூடியதும் அது போய்விடும். அடிப்படை டெம்பிளேட்டில் நிறுவினால் அதைச் சார்ந்த எல்லாக் கியூப்களுக்கும் செல்லும். அந்த அடுக்கை இயன்றவரை தொடாமல் விடுவதே பாதுகாப்பு என்பதால், டிஸ்போசபிள் டெம்பிளேட்டின் ஹோமில் உள்ள எழுத்துருக் கோப்புறையில் வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

அமைப்பதற்கு, முதலில் அடிப்படை டெம்பிளேட்டைச் சார்ந்து சாதாரண அப் கியூப் (அன்றாடச் செயலிகளை இயக்கும் கியூப்) ஒன்றை உருவாக்கி, நெட்வொர்க் ‘இல்லை’ என்று தெரிவுசெய்யுங்கள். டிஸ்போசபிள்கள் இந்தத் தெரிவையும் பெற்றுக்கொள்வதால், கோப்பில் தீநிரல் இருந்தாலும் அது இணையத்தின் வழியே எதையும் வெளியே அனுப்ப முடியாது. அடுத்து செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குச் சென்று ‘டிஸ்போசபிள் டெம்பிளேட்’ என்ற பெட்டியில் அடையாளமிடுங்கள். அந்தக் கியூப்பை இயக்கி, எழுத்துருவையும் விருப்பமான அமைப்புகளையும் வைத்து, மறவாமல் நிறுத்திவிடுங்கள். நிறுத்திய பின்னர் தொடங்கும் டிஸ்போசபிள்களே மாற்றத்தைப் பெறும். இறுதியாக, மின்னஞ்சலுக்குரிய கியூப்பின் அட்வான்ஸ்ட் பகுதியில் இதனை இயல்பான டிஸ்போசபிள் டெம்பிளேட்டாகத் தெரிவுசெய்தால், கோப்பின் மீது வலது கிளிக் செய்து டிஸ்போசபிளில் பார்க்கலாம்.

வந்த கோப்பை டிஸ்போசபிள் டெம்பிளேட்டுக்குள்ளேயே ஒருபோதும் திறக்காதீர்கள். அங்கே தொற்றிய தீநிரல் ஹோம் கோப்புறையில் தங்கி, அதன்பின் பிறக்கும் ஒவ்வொரு டிஸ்போசபிளுக்கும் பரவும். ஐயம் எழுந்தால் சுத்தம் செய்ய முனையாமல், அந்தக் கியூப்பை நீக்கிப் புதிதாக அமையுங்கள். பத்து நிமிட வேலைதான்.

‘பார்’ என்பதற்குப் பதிலாகத் ‘திருத்து’ என்பதைத் தெரிவுசெய்தால், திருத்திய கோப்பு மின்னஞ்சல் கியூப்புக்கே திரும்பி வரும் என்பதால், நம்பிக்கையற்ற ஆவணங்களுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். டிஸ்போசபிளில் உள்ள ஒன்று தேவையானால், முதல் செயலியை மூடுவதற்கு முன்னரே வேறு கியூப்புக்கு நகலெடுங்கள். மேலும், நீக்கப்பட்ட டிஸ்போசபிளின் தடயங்கள் வன்வட்டில் எஞ்சியிருக்கக்கூடும். இவ்வசதி தொற்றைத் தடுப்பதற்காக அமைந்ததே தவிர, கணினியைக் கைப்பற்றி ஆராய்பவரிடமிருந்து மறைப்பதற்காக அமைந்ததன்று.