துளை தெரியாத திரை: துப்பாக்கிச் சுடும் போட்டியைப் படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கபடிக்குக் கேமரா வைப்பது சுலபம். மன்னார்குடிப் பக்கம் ஏதாவது ஓர் ஊரில் இரவு ஆட்டம் நடந்தால், மூங்கில் சாரத்தில் ஏறி ஒருவர் கைபேசியைப் பிடித்தால் போதும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் விடிய விடியப் பார்ப்பார்கள். அதே தைரியத்தில்தான் எங்கள் ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) போட்டியையும் படமெடுத்தோம். கும்பகோணத்துக்கு வெளியே ஒரு பழைய நெல் கிடங்கு. 6 சுடும் இடங்கள். 10 மீட்டர் தூரம். பின்னால் 40 நாற்காலிகள். ஒரு பெரிய டிவி. முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெற்றோர்கள் மட்டும் மிச்சம். அவர்களிலும் இருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தவறு அவர்களுடையது அல்ல. டிவியில் தெரிந்தது ஆறு முதுகுகளும், தூரத்தில் ஆறு வெள்ளைப் புள்ளிகளும்தான். ‘டப்’ என்று சத்தம் வரும். பிறகு எதுவும் நடக்காது. கபடியில் ஆள் விழுவது கண்ணுக்குத் தெரியும். இங்கே விழுவது 4.5 மி.மீ. துளை.

ஒரே கேமராவால் எல்லாவற்றையும் காட்டிவிடலாம் என்று நினைத்ததுதான் முதல் தவறு. மற்ற தவறுகளுக்கும் அதுவே தாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு மீட்டர் வீதம் 6 பேருக்கு 6 மீட்டர் அகலம். கேமரா முழு எச்டி என்றால் குறுக்கே 1,920 படப்புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 மி.மீ.க்கு மேல் வருகிறது; குண்டு துளைத்த இடம் திரையில் ஒன்றரைப் புள்ளி. அதை யார் பார்ப்பார்கள்? ஏர் ரைபிள் இலக்கு அட்டையோ 80 மி.மீ. சதுரம். அந்த அட்டை மட்டும் திரையின் உயரம் முழுவதையும் நிறைத்தால், அதே துளை 60 புள்ளி அகலத்துக்குப் பெரிதாகிவிடும். கேமரா அதேதான், காட்டும் இடம்தான் வேறு.

உடனே கைபேசியை எடுத்து விரல்களால் படத்தைப் பெரிதாக்குவது அடுத்த தவறு. அது வெறும் டிஜிட்டல் ஜூம். இருக்கிற புள்ளிகளை ஊதிக் காட்டும், புதிதாக எதையும் காட்டாது. நமக்கு வேண்டியது லென்ஸே நகர்ந்து செய்யும் ஆப்டிகல் ஜூம். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பலரிடம் பழைய ஹேண்டிகேம் பரணில் தூசி படிந்து கிடக்கும். இன்று எந்த மாப்பிள்ளையும் அதில் படம் எடுக்கச் சம்மதிக்க மாட்டார் என்பதால் மலிவாகவே கிடைக்கும். 27 மி.மீ. லென்ஸுக்கு இணையான கோணத்தில் தொடங்கி 30 மடங்கு ஜூம் ஆகிறது என்றால், 10 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 45 செ.மீ. அகலத்தை மட்டும் அது காட்டும். துளை 19 புள்ளி வரும், நன்றாகவே தெரியும். ஆனால் அந்த ஜூமில் பக்கத்தில் ஒருவர் நடந்தாலே படம் ஆடும். முக்காலியைப் பலகை மேடைமீது வைக்காமல் தரையில் ஊன்றுங்கள், அடியில் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிடுங்கள்.

இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. நாங்கள் மிகத் தாமதமாகவே கண்டுகொண்டோம். காகித அட்டைப் போட்டியில் கப்பி இழுத்து அட்டை திரும்பி வந்ததும், நடுவர் அதை எடுத்து மேசையில் வைக்கிறார். அந்த மேசைக்கு மேலே தலைகீழாக ஒரு வெப்கேம் மாட்டினால் போதும். ஜூமும் வேண்டாம், முன்னால் கேபிள் இழுக்கவும் வேண்டாம்.

சிலர் கேமராவை இலக்கின் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். ஈயக் குண்டு இரும்பில் பட்டுச் சிதறும். லென்ஸ் போவது சின்ன நஷ்டம். இடையில் பேட்டரி தீர்ந்துபோய் அதை மாற்ற யாராவது சுடும் கோட்டைத் தாண்டி ஓடினால் அது பெரிய ஆபத்து. சுடுவதை நிறுத்தச் சொல்லி, துப்பாக்கிகள் காலியாகி, அதைக் காட்டும் பாதுகாப்புக் கொடி குழலில் சொருகப்பட்டதை நடுவர் பார்த்துச் சொல்லும் வரை யாரும் முன்னால் போகக் கூடாது. அப்படியொரு கேமரா தேவைப்பட்டால் தடித்த இரும்புத் தகட்டின் பின்னால், மின்கம்பியோடு, போட்டிக்கு முன்பே பொருத்திவிடுங்கள்.

வெளிச்சத்திலும் ஏமாந்தோம். 10 மீட்டர் இலக்கின்மீது குறைந்தது 1,500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளி விழ வேண்டும் என்பது சர்வதேச விதி. இருட்டுக் கிடங்கில் அந்த ஒளி வெள்ளை அட்டையில் விழும்போது கேமராவின் தானியங்கி அமைப்பு தடுமாறி, அட்டையை வெறும் வெள்ளைத் தாளாக்கிவிடுகிறது. ஒளி அளவையும் ஃபோகஸையும் கையால் அமைத்துப் பூட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். பல கைபேசிகள் தாமாக நொடிக்கு 30 படம் எடுப்பவை. அதனால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். நொடிக்கு 25 படம், ஷட்டர் நொடியில் 50இல் ஒரு பங்கு என்று மாற்றினால் போய்விடும். கல்யாண வீடியோக்காரரைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

சுடுபவரின் முகத்தைக் காட்ட வைஃபையில் ஒரு கைபேசி, இலக்கைக் காட்டக் கம்பியில் ஒரு கேமரா என்று வைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். வைஃபை படம் ஓரிரு நொடி பிந்தி வருவதால், விசையை அழுத்தும் முன்பே அட்டையில் துளை விழும். கம்பி வழி வரும் படத்தை மென்பொருளில் அதே அளவு தாமதப்படுத்த வேண்டும். கைதட்டிப் பார்த்துச் சரிசெய்யலாம்.

துளை தெரிந்துவிட்டால் மட்டும் கூட்டம் உட்கார்ந்துவிடாது. யார் முந்துகிறார், யார் வெளியேறப் போகிறார் என்பதும் தெரிய வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றபோது அவர் மதிப்பெண் 221.7, அந்தக் கட்டத்தில் அவருக்கு மேலே இருந்தவருக்கு 221.8. அந்த 0.1 என்பது அட்டையில் 0.8 மி.மீ. திரையில் எண்கள் இல்லாவிட்டால் அந்தப் பதற்றத்தை யாராலும் உணர்ந்திருக்க முடியாது. ஒரு பழைய மடிக்கணினியும் ஒரு விரிதாளும் இதற்குப் போதும். ஆனால் ‘தற்காலிகம்’ என்ற சொல்லைத் திரையில் போட மறக்காதீர்கள். சற்றுச் சாய்வாக எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, துளை வளையத்தின் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று ஒரு அப்பா நடுவரிடம் அரை மணி நேரம் வாதாடினார். முடிவு நடுவர் துளையை அளக்கும் கேஜ் கருவியில்தான், டிவியில் அல்ல.

60 குண்டு தகுதிச் சுற்றைக் காகித அட்டையில் சுட ஒன்றரை மணி நேரம் ஆகும். அதை முழுதாக ஒளிபரப்புவது பார்ப்பவரைத் தண்டிப்பது. 8 பேர், 24 குண்டு, 12ஆவது குண்டுக்குப் பிறகு இரண்டிரண்டு குண்டுக்கு ஒருவர் வெளியேறும் இறுதிச் சுற்றை மட்டும் காட்டுங்கள். 6 இடங்களே உள்ள எங்களைப் போன்றவர்கள் 6 பேரோடு நடத்திக்கொள்ளலாம்.

ஃபிளாஷ் கூடாது. திரையின் வெளிச்சம் சுடுபவர் கண்ணில் படக் கூடாது. வர்ணனையாளரை வாசல் பந்தலில் உட்கார வையுங்கள். சிறுவர்களின் முகத்தைக் காட்டப் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பகலில் தகரக் கொட்டகைக்குள் புரொஜெக்டர் எடுபடாது.

கடைசியாக மின்வெட்டு. ஐப்பசி மழையில் போட்டி வைத்தால் அது நிச்சயம். எங்களிடம் இருந்த ஒரே யுபிஎஸ்ஸை டிவிக்குக் கொடுத்தோம். டிவி அணையவே இல்லை, காட்டத்தான் ஒன்றும் இல்லை. மதிப்பெண் ஏற்றிய கணினி, பேட்டரி செத்த பழசு, ஐந்தாவது சுற்றின் நடுவில் அணைந்துபோனது. மேசையில் குவிந்திருந்த அட்டைகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.