கடல் கடந்த வாசகருக்குத் திகதியும் நேரமும்: இணைய நிரலில் காட்டும் முறை

முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ நடக்கும் நிகழ்வின் அறிவித்தலை உலகெங்கும் உள்ள உறவுகள் வாசிப்பதால், திகதியை இலக்கங்களால் மட்டும் எழுதக்கூடாது. 05/06/2025 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்க வழக்கில் மே 6. கனடாவில் இரு வழக்கும் உண்டு. மாதத்தைச் சொல்லால் எழுதி, கிழமையையும் சேர்த்து, "2025 ஜூன் 5, வியாழக்கிழமை" என்று காட்டுங்கள்.

நேரத்தில்தான் சிக்கல் அதிகம். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலின் நேரலைக்கு "திங்கள் இரவு 12 மணி" என்று போட்டால், எந்த நள்ளிரவு என்று வெளியூரார் தடுமாறுவர். நிரலில் செவ்வாய் 00:00 என்று பதிந்து, பக்கத்தில் "திங்கள் இரவு 12 மணி, விடிந்தால் செவ்வாய்" என்று எழுதுங்கள். வைகாசியில் அங்கெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் கோடை நேரம் இருப்பதால், அவ்வேளை லண்டனில் திங்கள் மாலை 6.30 அல்ல, 7.30, ரொறன்ரோவில் பிற்பகல் 2.30. மாரியில் ரொறன்ரோவுடனான வித்தியாசம் ஒன்பதரையிலிருந்து பத்தரை மணித்தியாலமாகிவிடும் என்பதால், கையால் கழித்துக் காட்டுவது பிழைத்துப்போகும். உள்ளூர் நேரத்தோடு "ஏசியா/கொழும்பு" என்ற நேர வலயப் பெயரையும் சேமித்து, ஜாவாஸ்கிரிப்ட்டின் "இன்ட்ல் டேட்டைம்ஃபோர்மற்" வசதியால் ஒருமுறை அந்த வலயத்திலும், இன்னொரு முறை வலயம் குறிப்பிடாமல் வாசகரின் கருவி நேரத்திலும் காட்டுங்கள். இரண்டையும் காட்டுவதே நல்லது. ஊருக்குத் தொலைபேசி எடுப்பவருக்கு ஊர் நேரமும் வேண்டும்.

பிறந்தநாள், நினைவுநாள் போன்றவற்றுக்கு நேரமே இல்லை. ஆனால் "2025-06-05" என்ற எழுத்துச் சரத்தை அப்படியே "டேட்" பொருளாக்கினால், ஜாவாஸ்கிரிப்ட் அதை உலகப் பொது நேர (யூடிசி) நள்ளிரவாகக் கொள்ளும். வவுனியாவில் அது காலை 5.30, திகதி சரியாகவே தெரியும். ரொறன்ரோவிலோ முதல் நாள் இரவு 8 மணி, ஆகவே ஜூன் 4 என்று விழும். இங்கிருந்து சோதிப்பவரின் கண்ணில் இப்பிழை படவே படாது. காட்டும்போது வலயத்தை "யூடிசி" என்று கொடுத்தால் தீரும்.

பழைய பதிவுகளுக்குத் தனிக் கவனம் தேவை. 1996 மே மாதத்தில் உலகப் பொது நேரத்துக்கு முந்திய இலங்கை நேரத்தின் வித்தியாசம் ஐந்தரையிலிருந்து ஆறரை மணித்தியாலமாகவும், ஒக்டோபரில் ஆறாகவும் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அம்மாற்றங்கள் ஏற்கப்படாமல் ஐந்தரையே நீடித்தது. கணினிகள் பின்பற்றும் நேர வலயத் தரவுத்தளத்தின் கொழும்பு வலயத்தில் கொழும்பின் நேரம் மட்டுமே இருக்கிறது. சாதகத்துக்கான பிறந்த நேரத்தில் அரை மணித்தியாலம் இலக்கினத்தையே மாற்றக்கூடும். எனவே அக்காலத்து நேரத்தை எந்தக் கடிகாரப்படி குறித்தார்கள் என்று குடும்பத்தாரிடம் கேட்டு, எழுதியபடியே சேமித்து, +05:30 என்றோ +06:00 என்றோ +06:30 என்றோ பக்கத்தில் பதிந்துவிடுங்கள்.