மான்கறி, முயல், காடை: கொழுப்பில்லாத கறியைப் பக்குவமாகச் சமைப்பது எப்படி?

போன மாதம் என் அக்கா மகன் நியூசிலாந்திலிருந்து போன் பண்ணினான். "சித்தி, இங்க கடையில மான்கறி விக்கிறாங்க. நம்ம மட்டன் மாதிரியே குக்கர்ல போட்டு, அப்புறம் வறுத்தேன். செருப்பு மாதிரி ஆயிடுச்சு, இன்னா பண்றது?" என்று கேட்டான். எந்தக் கறி வாங்கினாய் என்று விசாரித்தால் முதுகுக் கறி. கடையிலேயே ரொம்ப மெத்தென்ற கறி அதுதான், அதைப் போய் குக்கரில் போட்டிருக்கிறான். அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். நம் ஊரில் மான், காட்டு முயல், கௌதாரி எதையும் வேட்டையாடவோ வாங்கவோ சமைக்கவோ கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், ஜெயிலுக்கே போக வேண்டியிருக்கும். ரோட்டில் வண்டியில் அடிபட்டுச் செத்த மானைக்கூட எடுக்கக் கூடாது, வனத்துறைக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்தது என்று யாராவது ரகசியமாகக் கறி கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். வேலூர்ப் பக்கம் இருக்கும் அமிர்தி உயிரியல் பூங்காவுக்குக் குழந்தைகளோடு போய்ப் புள்ளிமானைப் பார்த்துவிட்டு வருவதே நமக்குப் போதும். நியூசிலாந்தில் கதை வேறு. மான் அந்த மண்ணின் பிராணியே இல்லை, 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்டது. இப்போது ஆடு மாடு மாதிரி பண்ணையில் வளர்த்துக் கறியை ஏற்றுமதி செய்கிறார்கள். அதனால் இதில் மான்கறி பகுதி வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. வேலூரில் இருப்பவர்கள் பண்ணைக் காடையும் பண்ணை முயலும் வாங்கிச் செய்யுங்கள், பக்குவம் ஒன்றேதான்.

அந்தப் பக்குவம் என்ன? இந்தக் கறிகளில் கொழுப்பு மிகக் குறைவு. ஆட்டுக்கறியில் சதைக்குள்ளேயே கொழுப்பு ஓடியிருக்கும், வேக வேக அது உருகிக் கறியை ஈரமாக வைத்துக்கொள்ளும், நாம் கொஞ்சம் அசந்தாலும் மன்னித்துவிடும். மான், முயலில் அந்த வசதி கிடையாது. அதனால் மெத்தென்ற பாகத்தைச் சூடான கல்லில் சட்டென்று முடிக்க வேண்டும், உழைத்த பாகத்தை (தொடை, தோள், கால்) ஈரத்தோடு சிறுதீயில் நிதானமாக வேகவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் ரப்பர்தான்.

முதலில் காடை, பழகுவதற்கு இதுதான் சுலபம்.

கடையில் கிடைப்பது ஜப்பானியக் காடை, பண்ணையில் ஐந்தாறு வாரம் வளர்த்தது. நாலு காடை வாங்கிக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலால் முதுகெலும்பின் ஓரமாக வெட்டி, நெஞ்சில் உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால் புத்தகம் மாதிரி விரிந்து படுக்கும். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வேகவேண்டும் என்பதற்காக இது, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆறு காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து அரைத்த விழுது, இஞ்சிப் பூண்டு, மஞ்சள், உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் புளிப்பில் ஊறினால் மேல்தோல் குழைந்துவிடும். இரும்புத் தோசைக்கல்லில் கடலை எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் தோல் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, ஐந்தாறு நிமிடம் தொடவே தொடாதீர்கள். திருப்பிப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம். தொடையும் உடம்பும் சேரும் இடத்தில் குத்திப் பாருங்கள், வரும் நீர் தெளிவாக இருந்தால் வெந்துவிட்டது. இளஞ்சிவப்பாக வந்தால் இன்னும் ரெண்டு நிமிடம். இறக்கும்போது புதிதாகப் பொடித்த மிளகு தூவுங்கள், முன்னாடியே போட்டால் கருகிக் கசக்கும்.

அடுத்து முயல். இதற்கு நான் செய்வது வேர்க்கடலைக் குழம்பு. வட ஆற்காட்டில் வேர்க்கடலைக்குப் பஞ்சமா என்ன? முயலில் இல்லாத கொழுப்பைக் கடலை கொடுத்துவிடுகிறது, அதனால்தான் இந்தச் சேர்க்கை எனக்கு இவ்வளவு பிடிக்கும். ஒரு கிலோ முயல் கறியில் தொடையைத் தனியாகவும் முதுகுத் துண்டுகளைத் தனியாகவும் பிரித்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நான் முதல் தடவை செய்தபோது, தொடை வேகும் நேரத்துக்குள் முதுகுக் கறி நார் நாராகக் காய்ந்துபோய், வீட்டில் பாதிப் பேர் அதைத் தொடவில்லை. மனசு கஷ்டமாகிவிட்டது.

ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, எட்டு காய்ந்த மிளகாய், ரெண்டு ஸ்பூன் தனியா, அரை ஸ்பூன் சீரகம், இவற்றை நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். மண்சட்டியில் எண்ணெய் விட்டு, சின்ன வெங்காயம் இருபது, கறிவேப்பிலை, இஞ்சிப் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, தொடைக் கறியை மட்டும் போட்டு உப்பு, மஞ்சள் சேர்த்து, மூழ்கும் அளவு வெந்நீர் ஊற்றி மூடிச் சிறுதீயில் அரை மணி நேரம். தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். அதன் பிறகு முதுகுத் துண்டு, அரைத்த விழுது, நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல் சேர்த்து இன்னும் இருபத்தைந்து நிமிடம். கடலை அடியில் பிடிக்கும், அதனால் அடிக்கடி கிளறுங்கள். எண்ணெய் மேலே மிதந்து, தொடைக் கறி எலும்பை விட்டு வந்தால் இறக்கலாம். ஜவ்வாது மலைச் சாமை கிடைத்தால் சோறாக்கிச் சேர்த்துச் சாப்பிடுங்கள், அரிசிச் சோற்றைவிட இதற்கு அதுதான் பொருந்துகிறது.

சரி, இப்போது மான்கறிக்கு வருவோம்.

வாங்கி வந்ததும் சதைமேல் வெள்ளி மாதிரி பளபளக்கும் மெல்லிய சவ்வு இருக்கும். எவ்வளவு நேரம் வைத்தாலும் வறுவலில் அது வேகாது, சுருங்கிக் கறியையும் சுருட்டிவிடும். சின்னக் கத்தியின் முனையைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து, ஒரு விரல் அளவு தூக்கி, அந்த நுனியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தியின் கூர்ப்பக்கத்தைச் சதை பக்கம் விடாமல் சவ்வை நோக்கிச் சற்றே மேலே சாய்த்துத் தள்ளுங்கள். பட்டை பட்டையாக வரும், கறி வீணாகாது. வெளியே தெரியும் மான் கொழுப்பையும் எடுத்துவிடுங்கள், அதன் வாடை நம் நாக்குக்கு ஒத்துவராது.

முதுகுக் கறியை ரெண்டு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்து, உப்பு, நசுக்கிய பூண்டு தடவுங்கள். புகை வரும் அளவு காய்ந்த இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு ரெண்டு மூன்று நிமிடம்தான். கடைசியில் ஒரு ஸ்பூன் நெய், கறிவேப்பிலை, பொடித்த மிளகு. இறக்கி ஐந்து நிமிடம் அப்படியே விட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். இறைச்சித் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 63 டிகிரி செல்சியஸ் காட்டினால் போதும். உள்ளே லேசாகச் சிவப்பு தெரியும், நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்காகக் கூடுதலாக வேகவைத்து இந்தக் கறியைக் கெடுக்காதீர்கள், அவர்களுக்குத் தோள் கறியில் பிரியாணி செய்து கொடுங்கள். கொத்துக்கறி என்றால் மட்டும் சிவப்பே இருக்கக் கூடாது, 71 டிகிரி வரை போகவேண்டும்.

பிரியாணிக்கு ஆம்பூர் வழிதான். தோள் அல்லது தொடைக் கறி அரை கிலோ, கூடவே கொழுப்புள்ள ஆட்டு நெஞ்செலும்பு நாலு துண்டு. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, தயிர், இஞ்சிப் பூண்டு, வெங்காயம், தக்காளி, புதினா, கொஞ்சமே கொஞ்சம் பட்டை கிராம்பு. இந்த மசாலாவிலேயே கறியை ஒன்றரை மணி நேரமாவது சிறுதீயில் வேகவிடுங்கள். கரண்டியால் அழுத்தினால் பிரிய வேண்டும், அதுவரை அரிசியை நினைக்கவே வேண்டாம். சீரகச் சம்பா அரை கிலோவைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்து வடித்து, கறியோடு சேர்த்து, மூடியை இறுக்கி இருபது நிமிடம் தம். தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்தரிக்காய் கட்டாயம். நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வெளிநாட்டில் கிடைக்காது, கிடைக்கிற சின்னக் கத்தரிக்காயை வாங்கிக்கொள்ளுங்கள்.

பரிமாறும் தட்டை வெந்நீரில் கழுவித் துடைத்து வையுங்கள். மான் கொழுப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் ஆறினதும் மெழுகு மாதிரி உதட்டில் ஒட்டும், அதனால் சூடு ஆறுவதற்குள் சாப்பிட உட்காருங்கள்.