மாடல் கிட்: அச்சின் வயதைப் பாருங்கள்
மாங்கூடையைக் கிளறிப் பார்த்து வாங்கும் கிருஷ்ணகிரிக்காரர்கள் நாம், பிளாஸ்டிக் உதிரிகளை ஒட்டிக் குட்டி உருவம் செய்யும் மாடல் கிட் பெட்டியில் மட்டும் மேல்படத்தைப் பார்த்து ஏமாறுகிறோம். ஒரே 1/72 அளவு (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் போர் விமானம். ஒன்று மலிவு, இன்னொன்று அதைப் போல இரண்டு மடங்கு. காரணம் பிளாஸ்டிக் அல்ல, உதிரிகளை வார்க்கும் அச்சு. எஃகு அச்சு வெட்டத்தான் பெருஞ்செலவு. புது அச்சென்றால் அது ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் விழும். போட்ட முதலீட்டை எப்போதோ எடுத்துவிட்ட பழைய அச்சு மலிவாக வரும். ஆனால் ஓரமெல்லாம் பிசிறு, இறக்கை சேருமிடத்தில் இடைவெளி. இடைவெளியை அடைக்கப் புட்டிப் பசை, தேய்க்க உப்புத்தாள், பொறுமை தனிக்கணக்கு. அதே பழைய அச்சைப் புதுப்பெட்டியில் போட்டு விற்பதும் உண்டு (எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை). ஆகவே பெட்டியின் ஆண்டை விட்டுவிட்டு, அச்சு முதலில் வந்த ஆண்டைத் தேடுங்கள். மெல்லிய உலோகத் தகட்டு உதிரிகளும் விலையை ஏற்றும். முதல் கிட்டுக்கு அவை வேண்டாம்.