ஸ்பைடர்-மேன் கேமை அலுக்காமல் ஆடி முடிப்பது எப்படி

மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன் கேமை இன்ஸ்டால் செய்ததும் மேப்பைத் திறந்து, மின்னும் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்தால், கெட்டது. 2018 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 4-லும், 2022 ஆகஸ்டில் கம்ப்யூட்டரிலும் வெளியான இந்த கேமின் உயிர் வலை வீசிப் பறப்பதில் இருக்கிறது. அதற்கு அடுத்த இடம் சண்டைக்கு. மேப்பில் கொட்டிக் கிடக்கும் சில்லறை வேலைகள்தான் இதன் பலவீனம். பறக்கும் வழியில் கையோடு முடித்தால் அவை உறுத்தாது. தனி வேலையாக வைத்துக்கொண்டால் இரண்டாம் வாரமே கண்ட்ரோலரைத் தூக்கி வைத்துவிடுவீர்கள்.

முதலில் ஸ்விங்

ஆர்2-வைப் (கண்ட்ரோலரின் வலது பின்பக்க பட்டன்) பிடித்துக்கொண்டே இருந்தால் கேம் தானாக ஓட்டிச் செல்லும். ஆனால் அதில் வேகம் இருக்காது. வேகம் வருவது, விடும் நேரத்தில்தான். ஊஞ்சல் அடிமட்டத்தைத் தாண்டி மேலேறத் தொடங்கும்போது ஆர்2-வை விட்டால் முன்னால் பாய்வீர்கள். உச்சி வரை காத்திருந்து விட்டால் உயரம் கிடைக்கும், வேகம் போகும். விடும்போதே எக்ஸ் அழுத்தினால் கூடுதல் தாவல். உயரம் கிடைத்ததும் எல்3-ஐ, அதாவது இடது ஸ்டிக்கை, உள்ளே அழுத்தித் தலைகீழாகப் பாயுங்கள். தரையை நெருங்கும்போது மறுபடி வலை வீசினால், விழுந்த வேகம் முழுக்க அடுத்த ஊஞ்சலுக்குப் போய்ச் சேரும். எந்த உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாது, பயப்பட வேண்டாம்.

எல்2-ஐயும் (இடது பின்பக்க பட்டன்) ஆர்2-ஐயும் சேர்த்து அழுத்தினால், குறி விழுந்த மாடி விளிம்புக்கு நேராக இழுத்துச் செல்லும். அங்கே கால் படும் நொடியில் எக்ஸ் அழுத்த வேண்டும். தவறினால் விளிம்பில் குந்திக்கொண்டு நிற்பீர்கள், ஓட்டம் அறுந்துபோகும். புதிதாக ஆடுபவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

வலை வெறும் காற்றில் ஒட்டாது, கட்டடமோ மரமோ வேண்டும். அதனால் உயர்ந்த கட்டடங்கள் நிறைந்த ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்டில் கழுகு போலப் பறப்பவர், சென்ட்ரல் பார்க்கில் மரத்துக்கு மரம் தத்த வேண்டியிருக்கும். கேமின் குறை போலத் தோன்றினாலும், எனக்கு இது நிறைதான். ஊரின் அமைப்புக்கு ஏற்ப கை மாற வேண்டியிருக்கிறதே! தாழ்வான இடங்களில் ஆகாயத்தில் எக்ஸ் அழுத்தி வலையை முன்னால் எறிந்து இழுத்துக்கொண்டே போங்கள்.

ஸ்கில் பாயின்ட் கிடைக்கும்போது முதல் சிலவற்றைப் பறப்பதற்கான வெப்ஸ்லிங்கர் பிரிவில் போடுவது நல்லது. நாள் முழுக்கச் செய்யப்போவது பறப்பதைத்தானே.

சண்டை: தரையில் நிற்காதீர்கள்

அடிக்க சதுரம், விலக வட்டம், வலையால் இழுத்துத் தாக்க முக்கோணம். சதுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் நாலு பேரைச் சமாளிக்கலாம், எட்டுப் பேர் துப்பாக்கியோடு வந்தால் செத்தீர்கள். சதுரத்தை அழுத்திப் பிடித்து ஆளை மேலே தூக்கி, ஆகாயத்திலேயே அடியுங்கள். கீழே இருப்பவர்களின் கட்டைக்கும் கத்திக்கும் நீங்கள் எட்டமாட்டீர்கள்.

தலையைச் சுற்றித் தெரியும் ஸ்பைடர் சென்ஸ் கோடுகளைப் பார்த்து வட்டம் அழுத்துங்கள். கடைசி நொடியில் அழுத்தினால்தான் முழுப் பலன் கிடைக்கும். பதற்றத்தில் முன்கூட்டியே அழுத்தினால், உருண்டு போய் அடுத்த குண்டுக்கு நேராக நிற்பீர்கள்.

அடிக்க அடிக்க நிறையும் ஃபோகஸ் பார்தான் உங்கள் சேமிப்பு. அது நிறைந்தால் முக்கோணமும் வட்டமும் சேர்த்து ஒருவனை ஒரே அடியில் முடிக்கலாம், அல்லது டி-பேடில் (திசை பட்டன்கள்) கீழ் அழுத்தி உயிரை ஏற்றிக்கொள்ளலாம். ஸ்பெக்டாகுலர் என்ற கடின நிலையில் ஆடுபவர் ஒரு பாரையாவது சிகிச்சைக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்.

கேடயக்காரனை முன்னாலிருந்து குத்திப் பயனில்லை. அவன் பக்கமாகவே டாட்ஜ் செய்தால் கால்களுக்கு இடையே வழுக்கிப் பின்னால் வருவீர்கள். தடியனைத் தூக்க முடியாது. முதலில் வலையால் சுற்றுங்கள், பிறகு அடி. இம்பாக்ட் வெப் சுவரோரமாக நிற்பவனுக்கென்றே செய்தது போன்ற கேஜெட். ஒரே வீச்சில் சுவரில் ஒட்டி ஆட்டத்தை விட்டே போய்விடுவான். மொட்டை மாடிச் சண்டையில் விளிம்புக்கு வெளியே தள்ளினாலும் போதும், யாரும் சாகமாட்டார்கள், கட்டடப் பக்கத்தில் வலையில் தொங்குவார்கள். ஆர்1-ஐ அழுத்திப் பிடித்தால் கேஜெட் சக்கரம் திறந்து நேரமும் மெதுவாகும். மூச்சு வாங்கக்கூட அதைத் திறக்கலாம்.

எந்த சூட்டோடும் (உடை) எந்த சூட் பவரையும் (உடையின் சிறப்புச் சக்தி) சேர்க்கலாம் என்பதைக் கவனிக்காமல் விடுவது எளிது. பிடித்த உடையில் பிடித்த சக்தியைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

சில்லறை வேலைகள்

ஊர் முழுக்க ஒளிந்திருப்பவை மொத்தம் 55 பேக்பேக்குகள். ஆர்3 (வலது ஸ்டிக்கை உள்ளே) அழுத்தினால் பக்கத்தில் இருப்பது தெரியும். இவற்றைத் தேடி அலைய வேண்டாம், ஒரு மிஷனிலிருந்து அடுத்த மிஷனுக்குப் பறக்கும் வழியில் வருவதை மட்டும் எடுங்கள். நண்பன் ஹாரியின் ஆராய்ச்சி நிலையங்கள் பரவாயில்லை, வகை வகையாக இருக்கின்றன. டாஸ்க்மாஸ்டர் என்ற வில்லன் வைக்கும் சவால்களில் உச்சமான மூன்றாம் நிலையை ஆரம்பத்திலேயே பிடிக்க முயல்வது வீண், ஸ்கில்களும் கேஜெட்களும் வளர்ந்த பிறகு அதே சவால் பாதி நேரத்தில் முடியும்.

தெருக் குற்றங்கள்தான் உண்மையான சலிப்பு. 9 பகுதிகள், ஒவ்வொரு கும்பலுக்கும் பகுதிக்கு 5 குற்றங்கள். திரும்பத் திரும்ப அதே கார் துரத்தல், அதே கடைக் கொள்ளை. சிறைக் கைதிகள், சேபிள் என்ற தனியார் படையின் ஆட்கள் செய்யும் குற்றங்கள் கதையின் பிற்பகுதியில்தான் திறக்கும். எனவே ஆரம்பத்தில் ஒரு பகுதியை நூறு சதவீதம் முடிக்க நினைப்பது நடக்காத காரியம். குற்றத்தோடு வரும் கூடுதல் நிபந்தனைகளை முடித்தால் அதிக டோக்கன் (சூட், கேஜெட் வாங்க உதவுவது) வரும். குறைவான குற்றங்களில் நிறைய டோக்கன் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

ஸ்பைடர்-மேனின் தோழி எம்ஜே, இளைஞன் மைல்ஸ் ஆகியோராக ஆடும் மிஷன்களில் பதுங்கித்தான் போக வேண்டும், காவலாளி பார்த்துவிட்டால் அந்த இடத்தை மறுபடி ஆட வேண்டியதுதான். வில்லன்களை அடித்துப் பறந்த வேகத்தில் இது பிரேக் போட்டது போல இருக்கும். காவலாளியின் நடைபாதையை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டு நகர்ந்தால் சீக்கிரம் தப்பிக்கலாம். கிராண்ட் சென்ட்ரல் நிலைய மிஷன் மட்டும் விதிவிலக்கு: எம்ஜே கைகாட்டும் ஆளை ஸ்பைடர்-மேன் மேலேயிருந்து தூக்குவார்.

விஞ்ஞானி ஆக்டேவியஸின் லேபில் வரும் சர்க்யூட் புதிர்கள் பிடிக்காவிட்டால் செட்டிங்ஸில் அவற்றைத் தாண்ட வழி இருக்கிறது. பட்டன் வேகமாகத் தட்டும் இடங்களையும் அழுத்திப் பிடிப்பதாக மாற்றிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரில் ஆடுபவர்களுக்கு

75 ஜிபி இடம் வேண்டும், எஸ்எஸ்டியில் (வேகமான டிஸ்க்) போடுங்கள். நீங்கள் வேகமாகப் பறக்கப் பறக்க ஊர் டிஸ்க்கிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. திக்கினால் முதலில் ரே டிரேசிங்கை (ஒளி, பிரதிபலிப்பை நிஜம்போலக் காட்டும் வசதி) அணையுங்கள். கிராபிக்ஸ் கார்டை மட்டுமல்ல, பிராசஸரையும் அது பிழிந்துவிடும், அதனால்தான் நல்ல கார்டு இருந்தும் தெருவில் இறங்கியதும் தடுமாறும். பிறகும் திக்கினால் கூட்டத்தின் அடர்த்தி, வாகன அடர்த்தி இரண்டையும் குறையுங்கள். ரெசல்யூஷனைக் குறைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பிராசஸராக இருந்தால் அதனால் பெரிய பலன் கிடைக்காது.