மழைக்காலத்துக்கு முன் நாம் செய்யும் தவறுகள்

"நமக்கெல்லாம் புயல் வராது" என்பதுதான் பினாங்கில் முதல் தவறு. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் சூறாவளி வருவது அபூர்வம், சரி. ஆனால் 2001 டிசம்பரில் வாமெய் சூறாவளி மலேசியாவின் தெற்கில் இருக்கும் ஜொகூரிலேயே கரையைக் கடந்தது. 2017 நவம்பர் 4 இரவு இங்கே காற்றும் மழையும் விடிய விடிய அடித்து மரங்களைச் சாய்த்தன; உயிர்களும் போயின. அதற்குச் சூறாவளி என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வானத்தை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. சுங்கை பினாங்கு ஆற்றின் ஓரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்: கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் ஆற்றுத் தண்ணீர் வடியப் போக்கிடம் இல்லை. வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையோடு கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்போம். தண்ணீர் குளியலறைத் துவாரம் வழியாக வரும். முதலில் களக் களக் என்று சத்தம், அப்புறம் இரண்டு கரப்பான் பூச்சி, அப்புறம் கறுப்பாகத் தண்ணீர். துவாரத்தில் துணியைச் சுருட்டி அடைத்து, மேலே ஒரு மணல் பையை அழுத்தி வைத்தால் சாமான்களை மேலே ஏற்றக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். வீட்டு முன் லோங்காங்கில் (சாக்கடையில்) அடைத்துக் கிடக்கும் பிளாஸ்டிக்கை அக்டோபரிலேயே வாரிவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

நம் வீடுகளில் சாமிப் படம் உயரத்தில் பத்திரமாக இருக்கும். பிறப்புச் சான்றிதழும் வீட்டுப் பத்திரமும் அலமாரியின் கீழ்த் தட்டில் இருக்கும்! நனைந்த பிறப்புச் சான்றிதழுக்கு மாற்று வாங்க அலைவதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஜிப் பையில் போட்டு மேலே வையுங்கள், கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார் காப்புறுதி முழுமையானது என்றால் வெள்ளமும் அதில் அடங்கும் என்று நினைக்காதீர்கள். பொதுவாக அதைத் தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். மூழ்கிய காரை 'ஓடுதா பார்ப்போம்' என்று ஸ்டார்ட் செய்தால் எஞ்சினும் போய்விடும்.

பிளக் பாயிண்ட் வரை தண்ணீர் ஏறும்வரை காத்திருக்காமல் மெயின் சுவிட்சை முன்பே அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது. பிள்ளைகளை வெள்ளத்தில் விளையாட விடாதீர்கள்; எலிக் காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

கடைசியில் பாட்டி. "நான் பார்க்காத தண்ணியா" என்று கட்டிலை விட்டு இறங்கமாட்டார். மருந்துப் பையோடு அவரை யார் கூட்டிப் போவது, எந்த நிவாரண மையத்துக்கு என்பதை இப்போதே பேசி வையுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். இருட்டில், இடுப்பளவுத் தண்ணீரில் அவரைத் தூக்கிப் போக இரண்டு பேர் போதாது.