உடம்பின் கணக்கும் கிருமியின் கணக்கும்: தொற்றுநோய்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொற்றுநோய் விஷயத்தில் நேரும் தவறுகளைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பகுதி காலக் கணக்கில் ஏற்பட்ட பிழையாகவே இருக்கும். கிருமி உடலுக்குள் நுழையும் நாள் ஒன்று. அறிகுறி தென்படும் நாள் வேறொன்று. ஆய்வுக்கூடச் சோதனையில் அது சிக்கும் நாள் இன்னொன்று. பிறருக்குப் பரவத் தொடங்கும் நாள் மற்றொன்று. நாமோ காய்ச்சல் வந்தால் நோய் வந்தது, காய்ச்சல் விட்டால் நோய் போயிற்று என்ற ஒரே கணக்கை வைத்துக்கொண்டு எல்லா முடிவுகளையும் எடுத்துவிடுகிறோம். இன்ஃபுளுயன்சா தொற்றிய ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் வெளிப்படுகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வெளிப்பட ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். காசநோய்க் கிருமியோ ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் உடலில் தங்கியிருக்கக்கூடும். இவற்றையெல்லாம் ஒரே அளவுகோலால் அளக்க இயலாது.

காய்ச்சலுக்கெல்லாம் ஒரே மருந்து

காசநோய், டைபாய்டு, காலரா ஆகியவை பாக்டீரியாவால் வருபவை. டெங்கு, தட்டம்மை, இன்ஃபுளுயன்சா ஆகியவை வைரஸால் வருபவை. மலேரியாவுக்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. படர்தாமரைக்குக் காரணம் பூஞ்சை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைத் தாக்குவதற்கென்றே அமைந்தவை. எடுத்துக்காட்டாக, பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கிறது. வைரஸுக்குச் செல்சுவரே கிடையாது என்பதால் அங்கே அந்த மருந்துக்கு வேலையில்லை. ஆனாலும் சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் விழுங்கும் வழக்கம் நீங்கவில்லை. சளிக்காய்ச்சல் எந்த மருந்தும் இல்லாமலே ஒரு வாரத்தில் தணிந்துவிடும் என்பதே அதற்கு ஒரு காரணம் என்று தோன்றுகிறது: மூன்றாம் நாள் மாத்திரையைத் தொடங்கியவர், ஆறாம் நாள் தேறும்போது அந்தப் பெருமையை மாத்திரைக்கே கொடுத்துவிடுகிறார், அடுத்த முறை முதல் நாளே அதைத் தேடிப் போகிறார். மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதும் பாக்டீரியா வந்துவிட்டதாக முடிவு செய்வதும் இதே வகைப் பிழைதான். வைரஸ் தொற்றிலும் வெள்ளணுக்கள் திரளும்போது சளியின் நிறம் அப்படி மாறும்.

தேவையற்ற ஆன்டிபயாடிக்கின் தீங்கு, அது பயனளிக்கவில்லை என்பதோடு நிற்பதில்லை. உடலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களுள் அம்மருந்துக்குப் பணியக்கூடியவை அழிய, பணியாதவை மட்டும் பெருகுகின்றன. அவற்றின் எதிர்ப்புத் திறன் நோய் உண்டாக்கும் பிற பாக்டீரியாக்களுக்கும் கைமாறக்கூடும். பெனிசிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் மருந்தை உட்கொள்வது கிருமிகளைப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார். மருந்துக்குப் பணியாத பாக்டீரியாத் தொற்றுகளால் மட்டும் 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தனர் என்பது பின்னர் வெளியான மதிப்பீடு. எனவே, முன்பு வாங்கி மீந்த மாத்திரையை எடுத்துப் போடுவதும், ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுப்பதும், ஊசி போட்டால்தான் குணமாகும் என்று மருத்துவரை வற்புறுத்துவதும் தவிர்க்க வேண்டியவை.

தேறிவிட்டதாக எண்ணி மருந்தை நிறுத்துதல்

ஒரு பாக்டீரியாத் தொற்றுக்கு எத்தனை நாள் மருந்து தேவை என்பது தொற்றின் இடத்தையும் வகையையும் பொறுத்தது. சில தொற்றுகளுக்கு முன்பு கருதப்பட்டதைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று இப்போது தெரிந்திருக்கிறது; ஆனால் அந்த நாட்களைக் குறைக்கும் முடிவு மருத்துவருடையதாக இருக்க வேண்டும். காசநோயில் இந்த நெகிழ்வுக்குக்கூட இடமில்லை.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அது மிக மெதுவாகப் பெருகும் பாக்டீரியா. மருந்து தாக்குவதோ பெரும்பாலும் பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளைத்தான். ஆகவே ஏறத்தாழ உறங்கும் நிலையிலிருக்கும் கிருமிகளை ஒழிக்க நீண்ட காலம் தேவைப்படுகிறது. மருந்துக்குப் பணியும் வழக்கமான காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பூட்டால் ஆகிய நான்கு மருந்துகளும், அதன்பின் நான்கு மாதம் அவற்றுள் இரண்டோ மூன்றோ கொடுக்கப்படுவது நெடுநாளாக நிலைத்த முறை. சில வாரங்களிலேயே இருமல் குறைகிறது, பசி எடுக்கிறது, எடை கூடுகிறது. பிறருக்குப் பரவும் வாய்ப்பும் பெரிதும் குறைந்துவிடுகிறது. இத்தனை நல்ல மாற்றங்களுக்குப் பிறகும் இன்னும் பல மாதம் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும் என்பது நோயாளிக்கு வீண் தொல்லையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்தத் தருணத்தில் நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகுகின்றன. விட்டுவிட்டு மருந்து எடுத்தாலோ ரிஃபாம்பிசினுக்கும் ஐசோனியாசிடுக்கும் கட்டுப்படாத வகையாக அவை மாறலாம். அப்போது மருத்துவம் கடினமாகும். வீட்டிலுள்ளவர்களுக்குத் தொற்றினால் அவர்களுக்கும் தொடக்கத்திலிருந்தே அந்தக் கடினமான வகைதான் வரும்.

மலேரியாவிலும் இதையொத்த ஒரு பொறி உண்டு. வைவாக்ஸ் வகை மலேரியாவில், இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணிகள் மருந்தால் அழிந்து காய்ச்சல் நின்ற பிறகும், கல்லீரலில் சில ஒட்டுண்ணிகள் உறங்கிக் கிடந்து வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்தெழும். அவற்றை ஒழிப்பதற்காக ப்ரிமாகுவின் போன்ற மருந்து தனியாகக் கொடுக்கப்படுகிறது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே அதற்கான சோதனை தேவை. காய்ச்சல் நின்றதும் இந்த மருந்தைக் கைவிடுபவர்கள், சில மாதம் கழித்து வரும் காய்ச்சலைப் புதிய கொசுக்கடியால் வந்ததாக எண்ணிக்கொள்கிறார்கள்.

தவறான நாளில் செய்த சோதனை

‘சோதனையில் ஒன்றும் இல்லை’ என்ற சொல்லைப் போல ஆறுதல் தருவது வேறில்லை. ஏமாற்றுவதும் அதுவே. ஒவ்வொரு சோதனையும் எதைத் தேடுகிறது என்பதைப் பொறுத்தே அதற்குரிய காலம் அமைகிறது. டெங்குவில் என்.எஸ்.1 சோதனை வைரஸின் புரதத்தைத் தேடுவது. ஆகவே காய்ச்சலின் முதல் சில நாட்களில் செய்தால்தான் அது நம்பகமானது. ஐ.ஜி.எம் சோதனை உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. அது ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பின்பே போதிய அளவில் தென்படும். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம் மட்டும் பார்த்து டெங்கு இல்லை என்று கூறுவதும், எட்டாம் நாளில் என்.எஸ்.1 மட்டும் பார்த்து அவ்வாறே கூறுவதும் ஒரே தவறின் இரு முகங்கள். எச்.ஐ.வி தொற்றில் இந்த இடைவெளி இன்னும் நீண்டது: எதிர்ப்பொருளை மட்டும் தேடும் விரைவுச் சோதனை தொற்றைக் காட்ட 23 முதல் 90 நாட்கள் வரை ஆகலாம். தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்ற ஐயத்துடன் அடுத்த வாரமே சோதித்து, இல்லை என்று வந்ததும் மறந்துவிடுபவர், உரிய காலத்தில் மறுபடி சோதிக்கும் வாய்ப்பை இழக்கிறார். இதற்கிடையில், தொற்றியிருக்கலாம் என்று ஐயுறும் நிகழ்வு நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் தொற்றைத் தடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மலேரியாவுக்கு ஒருமுறை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த இரத்தப் பூச்சில் ஒட்டுண்ணி தெரியாவிட்டால், ஐயம் தீராதவரை 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடியும் பார்க்க வேண்டும். டைபாய்டுக்குச் செய்யப்படும் விடால் சோதனை 1896-இல் வந்தது. முன்பு வந்த தொற்றினாலோ, தடுப்பூசியினாலோ, வேறு பாக்டீரியாக்களாலோ அது பொய்யாக நோயைக் காட்டக்கூடும். ஒரே ஒரு விடால் முடிவை வைத்து ‘டைபாய்டு’ என்று முத்திரை குத்துவது நெடுநாள் வழக்கம். அது விரைவில் ஒழிந்தால் நல்லது. இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையே மேலானது. அதையும் ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பாக எடுக்க வேண்டும். இரண்டு நாள் மருந்து உள்ளே போன பிறகு எடுத்த இரத்தத்தில் கிருமி வளராமல் போனால், அதைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.

மாதிரி கொடுப்பதிலும் தவறு நேர்கிறது. காசநோய்ச் சோதனைக்குத் தேவைப்படுவது நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி வெளிக்கொண்டுவரும் சளி. பலர் குப்பியில் துப்பிக் கொடுப்பதோ வெறும் எச்சில். வாயைக் கொப்பளித்து, சில முறை ஆழமாக மூச்சை இழுத்து, காலையில் எழுந்ததும் இருமிக் கொடுப்பது சிறந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை இச்சோதனைக்கு உட்படுத்தாமல் இருமல் மருந்துப் புட்டிகளை மாற்றிக்கொண்டிருப்பதே எல்லாவற்றுக்கும் முந்தைய பிழை.

காய்ச்சல் விட்ட நாள்

டெங்குவைப் பற்றித் தனியாகக் கூற வேண்டியிருக்கிறது. பெரும்பாலான காய்ச்சல்களில் வெப்பம் தணிவது குணமாவதன் அறிகுறி. டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே பல நேரங்களில் அப்போதுதான். நோயின் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில், சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசிந்து இரத்த அழுத்தம் சரியத் தொடங்கும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டால், வெப்பமானி எவ்வளவு காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டாரின் கவனம் முழுவதும் தட்டணுக்களின் எண்ணிக்கையிலேயே இருக்கும். மருத்துவரோ இரத்தம் செறிவடைவதைக் காட்டும் ஹிமடோக்ரிட் அளவையும், நாடித்துடிப்பையும், சிறுநீரின் அளவையும் சேர்த்தே பார்க்கிறார். உடல்வலிக்காக ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவற்றை எடுப்பது இரத்தக் கசிவை மிகுவிக்கும். உரிய அளவில் பாராசிட்டமாலே போதும். மேலும், டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு என்பதால், ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது என்று எண்ணுவதும் தவறு. வேறொரு வகையால் இரண்டாம் முறை வரும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது.

பரவும் வழியை மாற்றி எண்ணுதல்

தட்டம்மை கண்ட குழந்தையைத் தடிப்பு தோன்றியதும் தனிமைப்படுத்துகிறார்கள். ஆனால் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே அது பரவிக்கொண்டிருக்கிறது. நோயாளி வெளியேறிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் தங்கியிருக்கும். இவ்வளவு எளிதில் பரவும் நோயைத் தனிமைப்படுத்துதலால் மட்டும் நிறுத்த இயலாது. சமூகத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் இரண்டு தவணைத் தடுப்பூசி பெற்றிருந்தால்தான் அது நிற்கும். நோய் கண்ணில் படாமல் போனதால் தடுப்பூசி இனித் தேவையில்லை என்று கருதும் இடங்களில் தட்டம்மை திரும்பி வருவது இதனால்தான். உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டு, 1980-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்ட மனித நோய் பெரியம்மை ஒன்றே.

கைகழுவுதலின் பயனை 1847-இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் காட்டினார். அதன் மதிப்பு இன்றும் குறையவில்லை. ஆனால் காற்றில் பரவும் காசநோய்க்குக் கைகழுவுதலைவிடத் திறந்த சன்னலே பெரிய காப்பு. வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோவைரஸ் ஆல்கஹால் கலந்த கைத்திரவத்துக்கு எளிதில் மடிவதில்லை. அங்கே சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுவது. இரவில் மட்டும் வலை கட்டிக்கொண்டு, சாக்கடையை மட்டும் குறைகூறிக்கொண்டிருந்தால் அது தப்பித்துவிடும். ஹெபடைடிஸ் பி ஒரே தட்டில் உண்பதால் பரவுவதில்லை. இரத்தம், உடலுறவு, பிரசவம், பகிர்ந்துகொண்ட ஊசி அல்லது சவரக் கத்தி ஆகியவற்றால் பரவுகிறது. அந்நோயாளியின் தட்டை ஒதுக்கி வைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. வீட்டிலுள்ளோர் தடுப்பூசி போட்டுக்கொண்டால் கிடைக்கும்.

வயிற்றுப்போக்கு கண்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று நிறுத்தி வைப்பது இன்னும் நடக்கிறது. காலராவிலும் பிற பேதிகளிலும் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரும் உப்பும் வெளியேறுவதுதான். ஓ.ஆர்.எஸ். கரைசலில் உள்ள குளுக்கோஸ் குடலில் உறிஞ்சப்படும்போது சோடியத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது, அதன் பின்னால் நீரும் செல்கிறது. பேதி நடந்துகொண்டிருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும்; குறைந்த நீரில் கரைத்தால் உப்புச் செறிவு மிகுந்து குழந்தைக்குத் தீங்காகும்.

கடிபட்ட பின் காத்திருத்தல்

அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருப்பது எந்த நோயிலும் தவறாகலாம். ரேபிஸில் அது ஏறத்தாழ உறுதியான மரணம். கடித்த இடத்தில் நுழைந்த வைரஸ் நரம்புகளின் வழியே மெதுவாக மூளையை நோக்கி நகர்கிறது. இதற்கு வழக்கமாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். ஒரு வாரத்திலும் நேரலாம், ஓராண்டும் ஆகலாம். இந்த அவகாசமே தடுப்பூசிக்கு இடமளிக்கிறது. 1885 ஜூலை 6 அன்று, கடிபட்டு இரண்டு நாளான ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசஃப் மெய்ஸ்டருக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பூசியைத் தொடங்கச் செய்தபோது பயன்படுத்திக்கொண்டதும் இதைத்தான்.

கடித்த இடத்தில் பொடியோ பசையோ எண்ணெயோ அப்புவது கூடாது. சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கடித்த நாய் சாகிறதா என்று பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று எண்ணக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டே நாயைக் கவனிக்கலாம். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும், ஏனெனில் தடுப்பூசியால் உடல் தன் சொந்த எதிர்ப்பொருளை உருவாக்க ஏறத்தாழ ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல் சொன்ன நாட்களில் எல்லாத் தவணைகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். கடிபட்டுப் பல வாரங்கள் கழிந்துவிட்டன, இனிப் பயனில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அறிகுறி தோன்றாதவரை, எத்தனை நாள் கழிந்திருந்தாலும், அன்றைக்கே சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.